நீரை அளக்கும் கம்பனி கைமாறும்போது

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் பங்குச் சந்தையின் ஏய்ம் பிரிவில் ஒரு சிறிய பேரம் முடிந்தது. நீரின் நச்சுத்தன்மையை அளக்கும் கருவிகளையும் அவற்றுக்கான சோதனைப்பொருள்களையும் விற்றுவந்த மொடர்ன் வோட்டர் கம்பனியை, தோல் ஆய்வுத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த இன்ரெகுமென் வாங்கியது. வாங்கிய கையோடு தன் பெயரையும் டீப்வேர்ஜ் என்று மாற்றிக்கொண்டது. மொடர்ன் வோட்டரின் பங்குதாரர்களுக்குக் காசு கொடுக்கப்படவில்லை. வாங்கிய கம்பனியின் பங்குகளே கொடுக்கப்பட்டன. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 2023இல், ஆண்டுக் கணக்கைக் காலத்துக்கு வெளியிட முடியாமல் டீப்வேர்ஜின் பங்கு வர்த்தகம் இடைநிறுத்தப்பட்டது. பிறகு அது சந்தைப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. உலகப் பங்குச் சந்தைகளில் ஒரு நாளில் புரளும் பணத்தோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆயினும் யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களில் குடிநீரைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தப் பேரத்தைக் கவனமாகப் படிப்பது நல்லது. நீரை அளக்கும் தொழிலில் உண்மையில் விற்கப்படுவது எது, அதை விற்கும்போது யாரைக் கேட்கிறார்கள், யாரைக் கேட்பதில்லை என்பது பெரிய பேரங்களைவிட இதில் தெளிவாகத் தெரிகிறது.

மொடர்ன் வோட்டர் நீரைச் சோதிக்கும் கம்பனியாகப் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சவ்வூடுபரவல் நுட்பத்தை வைத்துக் கடல்நீரைக் குறைந்த செலவில் நன்னீராக்கப் போகிறோம் என்று சொல்லி 2007இல் சந்தைக்கு வந்த கம்பனி அது. வரும்போதே 3 கோடி பவுண் திரட்டியது. 2008இல் ஜிப்ரோல்ட்டரிலும் அடுத்த ஆண்டு ஓமானின் அல் கலூஃப் என்ற இடத்திலும் அதன் சிறிய நிலையங்கள் இயங்கத் தொடங்கின. வறண்ட கரை, சுற்றிலும் உப்பு, குறைந்த சனத்தொகை: அல் கலூஃபின் நிலைமையை நெடுந்தீவில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நுட்பம் வேலை செய்தாலும் வியாபாரம் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. 2011இல் அந்தக் கம்பனி அமெரிக்காவின் ஸ்ரறற்றஜிக் டயக்னோஸ்ரிக்ஸ் கம்பனியிடமிருந்து நீர்ச்சோதனைப் பிரிவை வாங்கியது. கடல்நீரைக் குடிநீராக்கும் கனவை நம்பிப் பங்கு வாங்கியவர்கள், காலப்போக்கில் நீர்ச்சோதனைக் கம்பனி ஒன்றின் சொந்தக்காரர்களாகியிருந்தார்கள். 2020இல் அவர்கள் முன் வந்த கேள்வி, அதையும் இன்னொரு கம்பனியின் பங்குத்தாளாக மாற்றிக்கொள்வதா என்பது.

இப்படிப்பட்ட கட்டத்தில் சிறு பங்குதாரர் எவற்றை எடைபோடுவார்? வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் இப்போது தரப்படுவது எவ்வளவு நட்டம். கம்பனியிடம் கையிருப்பு எத்தனை மாதத்துக்குப் போதும். மறுத்துவிட்டால் வேறொருவர் கூடுதலாகக் கேட்பாரா. பங்குக்குப் பங்கு என்றால் வாங்குபவரின் பங்கு உண்மையில் எவ்வளவு பெறும். இவையெல்லாம் நியாயமான கேள்விகள். கடைசிக் கேள்விதான் மிகக் கடினமானது. காசு வாங்கிக்கொண்டு போகிறவர் வாங்குபவரின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பங்கை வாங்கிக்கொண்டு போகிறவர், தான் விற்கும் பொருளை விடத் தன்னிடம் வாங்குபவரை நன்றாகப் படித்திருக்க வேண்டும். டீப்வேர்ஜ் கதையில் அந்தப் பாடத்துக்குப் பங்குதாரர்கள் கொடுத்த விலை பெரிது. ஆனால் என் வாதம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கம்பனியைத் தாங்கி நிற்பது நீரைச் சோதிப்பவர் அதே சோதனைப்பொருளை மறுபடி மறுபடி வாங்குவார் என்ற நம்பிக்கை. அந்தச் சோதிப்பவரின் நிலைமை பேரத்துக்குப் பிறகு என்னவாகும் என்ற கேள்வி பங்குதாரரின் கணக்கிலும் வருவதில்லை, சட்டம் கேட்கும் ஆவணங்களிலும் வருவதில்லை. அதைக் கேட்காமல் விடுவது நீர் குடிப்பவருக்கும் கேடு, பங்கு வைத்திருப்பவருக்கும் கேடு. அதேபோல, அந்தக் கேள்விக்குக் கம்பனி தரும் பதிலை நம்பியிருக்காமல், எவர் கைக்குப் போனாலும் நின்று நிலைக்கக்கூடிய சோதனை முறைகளைத் தேர்ந்துகொள்வதே தீவகம் போன்ற இடங்களுக்குப் பாதுகாப்பு.

தீவகத்தில் நீரை அளப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் நிலத்தின் அடியில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தவை. ஆறு இல்லை, நிரந்தர ஓடை இல்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் வகுத்த கணக்கின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் அடியில் ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கம் பார்த்தால், மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால் அடியில் உப்பு அதன் 40 மடங்கு மேலே ஏறிவிடும். வேலணையின் சாட்டிக் கிணறுகளும் நெடுந்தீவின் சாராப்பிட்டிக் கிணறுகளும் நல்ல தண்ணீருக்குப் பெயர்போனவை. ஆனால் ஒரு கிணற்றில் நல்ல நீர் இருப்பது நூறு யார் தள்ளியுள்ள கிணற்றைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. மோட்டரைக் கூடுதல் நேரம் ஓடவிட்டால் பங்குனியில் நன்றாக இருந்த கிணறு ஆடியில் கரிக்கும். நாக்கு இதைச் சொல்லிவிடும்; ஆனால் நாக்கு சொல்லும்போது காலம் கடந்திருக்கும். உப்பு ஏறத் தொடங்கும்போதே காட்டிக்கொடுப்பது மாதா மாதம் எழுதிவைத்த எண்தான். நைத்திரேற்றையும் மலக்கழிவுப் பற்றீரியாவையும் நாக்கு ஒருபோதும் சொல்லாது.

உவர்நீரைச் சவ்வூடாக அழுத்தி நன்னீராக்கும் இயந்திரங்கள் தீவுகளுக்கு வந்த பிறகு அளவீட்டின் தேவை குறையவில்லை, கூடியது. சவ்வு கிழிந்ததா என்பதை உள்ளே போகும் நீரினதும் வெளியே வரும் நீரினதும் மின்கடத்துதிறனை ஒப்பிட்டு அறியலாம். வெளியே வந்த நீரைத் தாங்கியில் சேர்த்துப் பவுசரில் ஏற்றிப் பரலில் ஊற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் பற்றீரியா புக இடமுண்டு. மீதிக் குளோரீனை அளந்தால்தான் அதற்கு எதிரான பாதுகாப்பு எஞ்சியிருக்கிறதா என்று உடனே தெரியும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் உற்சவம் ஆனியில், வரட்சி முறுகும் காலத்தில், வருகிறது. தீவின் சனத்தொகையைப் போலப் பல மடங்கு சனம் படகில் வந்து இறங்கும்போது, குளோரீன் அளவை நாளுக்குப் பல தடவை பார்க்க வேண்டியிருக்கும். நெடுந்தீவின் நிலைமை வேறு. பற்றீரியாச் சோதனைக்கான மாதிரியைக் குளிரில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பது உத்தமம் என்பது பொதுவான வழிகாட்டல். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அங்கிருந்து தாம்போதிகளைக் கடந்து யாழ்ப்பாணம். கச்சான் காற்றுக் காலத்தில் படகே ஓடாமல் போகலாம். ஆகவே அங்கே சோதனை ஊருக்குள்ளேயே நடந்தாக வேண்டும். 2024 ஓகஸ்ற்றில் திறக்கப்பட்ட தாளையடி நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரை உற்பத்தி செய்யக்கூடியது. குடாநாட்டுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் கடலுக்கு நடுவே தனித்திருக்கும் நெடுந்தீவுக்கு அதன் குழாய் எட்டப்போவதில்லை.

இனி மீண்டும் மொடர்ன் வோட்டர் வாங்கி விற்ற அந்தச் சோதனைக்கு வருவோம். மைக்ரோரொக்ஸ் என்பது அதன் பெயர். கடலில் வாழும், இயல்பாகவே ஒளிரும் ஒரு வகைப் பற்றீரியாவை உறைய உலர்த்திக் குப்பியில் அடைத்து விற்பார்கள். அதை உயிர்ப்பித்து நீர் மாதிரியோடு சேர்த்தால், நீரில் நச்சு இருந்தால் ஒளி மங்கும். மங்கிய அளவைக் கருவி எண்ணாகக் காட்டும். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெக்மன் கம்பனியில் இது உருவானது. பிறகு மைக்ரோபிக்ஸ் என்ற கம்பனியிடம் போனது, அது அஸூர் என்வயரன்மென்ரல் ஆனது, அதை ஸ்ரறற்றஜிக் டயக்னோஸ்ரிக்ஸ் எடுத்தது, அதனிடமிருந்து மொடர்ன் வோட்டர், பிறகு டீப்வேர்ஜ். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஒரே சோதனை இத்தனை கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்குதாரர்களுக்கு ஒரு விலை சொல்லப்பட்டது. உலகின் பல ஆய்வுகூடங்களில் அதே கருவியை மேசையில் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

அப்படியிருந்தும் அந்தச் சோதனை முறை அழியவில்லை, அதற்குக் காரணம் எந்தக் கம்பனியின் நல்லெண்ணமும் கிடையாது. ஒளிரும் பற்றீரியாவைக் கொண்டு நச்சுத்தன்மையை அளக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 11348 என்ற சர்வதேச நியமமாக எழுதப்பட்டது. புதிதாக வளர்த்த பற்றீரியா, திரவநிலையில் உலர்த்தியது, உறைய உலர்த்தியது என மூன்று வகைக்கும் தனித்தனிப் பகுதியோடு. அந்த நியமத்தைப் பின்பற்றி வேறு கம்பனிகளும் கருவி செய்தன. ஒரு உற்பத்தியாளர் முறிந்தாலும், பழைய எண்களோடு புதிய எண்களை ஒப்பிட ஒரு வழி மிஞ்சும். தீவகத்துக்கு அவசரமாகத் தேவைப்படுவது மைக்ரோரொக்ஸ் அன்று என்பது உண்மைதான். ஆனால் அதன் வரலாறு சொல்லும் செய்தி தீவகத்துக்குப் பொருந்தும். கம்பனிகள் வரும், போகும். முறை பொதுவில் எழுதப்பட்டிருந்தால் அளவீடு பிழைக்கும். முறை ஒரு கம்பனியின் குப்பிக்குள் பூட்டப்பட்டிருந்தால் கம்பனியோடு அளவீடும் போகும்.

நாள்தோறும் பயன்படும் குளோரீன் சோதனை இதற்கு இன்னும் நல்ல சான்று. டி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் வேதிப்பொருளைக் குளோரீன் உள்ள நீரில் இட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு குளோரீன். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதி நீர் வழங்கல் கம்பனியில் பணியாற்றிய பேலின் என்ற வேதியியலாளர் 1957இல் இந்த முறையை வெளியிட்டார். அவர் பெயரைத் தாங்கிய பேலின்ரெஸ்ற் கம்பனி இன்று ஹால்மா என்ற பெரிய பிரித்தானியக் குழுமத்துக்குச் சொந்தம். ஆனால் டி.பி.டி. மாத்திரையைப் பேலின்ரெஸ்ற் மட்டும் செய்யவில்லை. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். ஹால்மா நாளை அந்தக் கம்பனியை யாருக்கு விற்றாலும் நயினாதீவின் தண்ணீர்த் தாங்கியில் குளோரீன் அளப்பவர் அன்றைய பத்திரிகையைப் படிக்க வேண்டியதில்லை. உப்பை அளப்பது இதிலும் பழைய சங்கதி. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை அளவியிலிருந்து துளித்துளியாக விட்டு, பொற்றாசியம் குரோமேற்று செங்கபிலமாக மாறும் இடத்தில் நிறுத்துகின்ற மோரின் நியமிப்பு முறை 1856ஆம் ஆண்டுக்குரியது. அதற்கான தத்துவம் யாருடைய ஆதனமும் அன்று. எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கையின் குடிநீர் நியமம் குளோரைட்டுக்கு விதித்துள்ள லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்ததா இல்லையா என்பதை, உயர்தர வகுப்பில் நியமிப்புச் செய்து பழகிய ஒருவரால் சொல்லிவிட முடியும். பற்றீரியாவுக்கும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 1982இல் இந்தியாவின் குவாலியரில் மஞ்சாவும் அவருடைய சகாக்களும், மலக்கழிவு கலந்த நீரில் கறுப்பாக மாறும் ஐதரசன் சல்பைட்டு முறையை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். பலர் அதைப் பின்பற்றி மலிவாகச் செய்து விற்றார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் சில வேளைகளில் மலத்தோடு தொடர்பில்லாத பற்றீரியாவாலும் கறுப்பு வரலாம் என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது; ஆபத்து உண்டா என்று முதலில் தட்டிப் பார்க்க அது போதும்.

இதற்கு எதிர்த் திசையில்தான் முதலீட்டுலகம் நடக்கிறது. நீர்ச்சோதனைக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் அவை பெருமையோடு சொல்லும் ஒரு விடயம் தெரியும்: வருமானத்தில் பெரும்பகுதி ஒருமுறை விற்கும் கருவியிலிருந்து வருவதில்லை, அந்தக் கருவிக்குத் தொடர்ந்து வாங்கவேண்டிய சோதனைப்பொருளிலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் வருகிறது. ஹேக் கம்பனியைத் தன்னுள் கொண்ட வெரால்ரோ, தன் விற்பனையில் பாதிக்கும் மேல் அப்படித் திரும்பத் திரும்ப வருவது என்று முதலீட்டாளர்களுக்குச் சொல்கிறது. பங்கு வாங்குபவருக்கு அது நல்ல செய்தி. வரட்சி வந்தாலும் மந்தநிலை வந்தாலும் குப்பி வாங்கியே ஆகவேண்டும் அல்லவா. அந்த 'ஆகவேண்டும்' என்பதை மறுகரையிலிருந்து பார்த்தால் அது பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் டொலர் விலையோடு ஏறும் ஒரு செலவு. கருவி குப்பியின் பட்டைக்குறியைப் படித்த பிறகே அளக்கும் என்றால் வேறு கடையில் குப்பி வாங்கும் வழியும் அடைபடுகிறது. முதலீட்டாளர் உறுதி என்று மெச்சுவதும் தீவார் பிணை என்று உணர்வதும் ஒரே விடயத்தைத்தான்.

எந்த அளவீடு நின்று நிலைக்கும் என்ற பிரச்சினை சுன்னாகத்தில் நீதிமன்றம் வரை போனது. அது தீவகத்துக்கு வெளியே, வலிகாமத்தில்; ஆனால் சுண்ணாம்புக்கல் ஒன்றே. அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று மக்கள் முறையிட்டபோது, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013இன் இறுதியிலிருந்து 2014இன் நடுப்பகுதி வரை 150 கிணறுகளைச் சோதித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் எண்ணெய், கிரீஸ் அளவு நியமத்தை மீறியிருந்தது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு வேதிப்பொருள்களைத் தேடிப் பார்த்து, ஆபத்தான மாசு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. எதைத் தேடினார்கள், எந்த முறையால் தேடினார்கள் என்பதில்தான் இரண்டு முடிவுகளும் பிரிந்தன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நீர் வழங்கல் சபையின் அளவீடுகளை ஏற்று, நொதேர்ன் பவர் கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்க வேண்டும் என்று தீர்த்தது. அந்தக் கம்பனியின் தாய்க் கம்பனியான எம்.ரி.டி. வோக்கர்ஸ் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. அதாவது, அங்கே சிறு பங்குதாரரின் சொத்தும் கிணற்றுக்காரரின் தண்ணீரும் ஒரே எண்ணைச் சார்ந்து நின்றன. அந்த எண் நியமத்தில் எழுதிய முறையால், காலம் இடம் குறித்து, மாதக்கணக்காகச் சேர்க்கப்பட்டதால் வழக்கில் நின்றது. ஓர் ஊரின் எண்கள் எல்லாம் ஒரு கம்பனியின் மூடிய கருவியிலிருந்து மட்டும் வந்து, அந்தக் கம்பனியும் நடுவில் கைமாறி, பழைய கருவிக்கான குப்பி வருவது நின்றிருந்தால், ஐந்து ஆண்டுத் தொடர் இரண்டு துண்டாக உடைந்திருக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அந்த உடைவைத்தான்.

இங்கே நியாயமான மறுப்புகள் சில எழும். கையகப்படுத்தல் எப்போதும் கெடுதலா என்பது முதலாவது. நிச்சயமாக இல்லை. 1947இல் அயோவா மாநிலத்தில் ஹேக் தம்பதியர் தொடங்கிய கம்பனியை 1999இல் டனாகர் குழுமம் வாங்கியது. 2023இல் ஹேக், வெரால்ரோவின் ஒரு பகுதியாக டனாகரிலிருந்து தனியே பிரிந்தது. இரண்டு மாற்றத்திலும் ஹேக்கின் பொருள்கள் கடையிலிருந்து மறைந்துவிடவில்லை. விற்கும் நாடுகள் பெருகின. 2023இல் நீர்த்துறைக் கம்பனியான சைலம், அதே துறையின் எவோகுவாவை ஏறத்தாழ 750 கோடி டொலர் பெறுமதிக்கு, இதுவும் பங்குக்குப் பங்கு என்ற முறையில், வாங்கியபோது அறிவித்த நாளில் சைலத்தின் பங்கு விலை சரிந்தது. பேரம் மிகை விலை என்று கருதியவர்கள் இருந்தார்கள். ஆயினும் நீர் அளப்பவர் எவரும் அதனால் வெறுங்கையோடு நிற்கவில்லை. மொடர்ன் வோட்டர் போன்ற இளைத்த கம்பனிக்கு ஒருவரும் வராமல் இருந்திருந்தால் அது தனியாகவே முடிந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த உதாரணங்கள் என் வாதத்தின் எல்லையைத் திருத்துகின்றனவே தவிர அதைத் தள்ளவில்லை. பெரியவர் வாங்கினால் வழங்கல் நிலைக்கும், விலையும் பூட்டும் இறுகும். இளைத்தவரை இளைத்தவர் வாங்கினால் பூட்டு இறுகாது, வழங்கலே அறுந்துபோகும். பொதுமுறையைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டும் அவ்வளவு நோகாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது, அதை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்களே சொல்வார்கள். மூடிய குப்பிகளில் பிழை குறைவு. அளந்து வைத்த சோதனைப்பொருள், கருவியே செய்யும் கணிப்பு. நெடுந்தீவில் இருக்கும் ஒரேயொரு உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் ஒரு நாளில் பழகிக்கொள்வார். அளவியும் குழாயியும் கொடுத்து வெள்ளி நைத்திரேற்றைக் கரைக்கச் சொன்னால் கரைசலின் செறிவிலேயே தவறு வரலாம். வெள்ளி நைத்திரேற்றும் இறக்குமதிப் பொருள்தானே என்றும் கேட்கலாம். இவை உண்மை. ஆனால் வெள்ளி நைத்திரேற்றைச் சென்னையிலும் வாங்கலாம், ஜேர்மனியிலும் வாங்கலாம். எந்தப் போத்தலும் எந்த அளவிக்கும் பொருந்தும். ஆகவே மூடிய கருவியே கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. நாளாந்த வேலைக்கு அதை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட கிணறுகளில் குறிப்பிட்ட கால இடைவெளியில் பொதுமுறையாலும் அளந்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால், கருவி போகும் நாளில் தொடர் போகாது. இதற்கு மேலதிகமாகத் தேவைப்படும் செலவு ஒரு சவ்வை மாற்றும் செலவோடு ஒப்பிடும்போது சிறியது.

தீவகத்தின் உண்மையான இடர் கையகப்படுத்தல் அல்ல, அந்நியச் செலாவணியும் கொழும்பின் தீர்மானங்களும்தான் என்று மூன்றாவதாகச் சொல்லலாம். 2022இல் டொலர் தட்டுப்பட்டபோது நாட்டின் ஆசுபத்திரி ஆய்வுகூடங்களே சோதனைப்பொருள் இன்றித் தவித்தன. எந்தக் கம்பனியும் யாரையும் வாங்கியதால் அது நடக்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான சூரிய, காற்று மின் திட்டத்தின் கதை இன்னும் பொருத்தமானது. 2021 ஜனவரியில் அது சீனக் கூட்டுக் கம்பனி ஒன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் சீனத் தரப்பு நிறுத்திக்கொண்டது, 2022 மார்ச்சில் இந்திய மானியத்துக்கு உடன்பாடு, யூ சோலார் என்ற இந்தியக் கம்பனியோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போது 2024 மார்ச் ஆகிவிட்டது. தீவார் அதுவரை டீசல் மின்னில் இருந்தார்கள், சவ்வு இயந்திரங்களும் அந்த மின்னில்தான். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன்; ஏற்பதால் என் வாதம் பலப்படுகிறது. தூரத்தில் போடப்படும் ஒரு கையெழுத்து ஊரின் நாளாந்த வேலையை நிறுத்தக்கூடாது என்றால், அந்தக் கையெழுத்து டெல்லியில் போடப்பட்டதா, கொழும்பில் போடப்பட்டதா, லண்டனில் பங்குதாரர் கூட்டத்தில் போடப்பட்டதா என்ற வேறுபாடு இரண்டாம் பட்சம்.

சிறு பங்குதாரரால் என்ன செய்ய முடியும் என்பது மிஞ்சியிருக்கும் கேள்வி. பிரித்தானியாவில் இத்தகைய கைமாற்றங்கள் பலவும் நீதிமன்றம் உறுதிப்படுத்தும் ஒரு திட்டமாக வாக்கெடுப்புக்கு வரும். பெறுமதியில் 75 சதவீதம் ஆதரித்தால் எதிர்த்தவரையும் அது கட்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் கோவையின்படி 30 சதவீதத்தைத் தாண்டுபவர் மீதிப் பங்குதாரர் அனைவருக்கும் விலை சொல்லியாக வேண்டும். அது விலையைக் காக்கும் ஏற்பாடு, வேறு எதையும் காப்பதற்கு எழுதப்படவில்லை. எனவே ஆயிரம் பங்கு வைத்திருப்பவர் பேரத்தைத் தடுத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது வெறும் ஆசை. கேள்வி கேட்க முடியும், அவ்வளவுதான். ஆனால் கேள்விக்கு எழுத்தில் பதில் தரவேண்டியிருக்கும்போது கம்பனிகள் நடந்துகொள்ளும் விதம் மாறும். இதில் தீவகத்துக்கு ஒரு விசித்திரமான நிலை உண்டு. புங்குடுதீவு, வேலணை, நெடுந்தீவு ஊரவர்களின் சங்கங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கின்றன. ஊரில் தண்ணீர்த் தாங்கிக்கும் சவ்வு இயந்திரத்துக்கும் காசு சேர்த்து அனுப்புகின்றன. அதே ஆட்களின் ஓய்வூதிய நிதி அமெரிக்காவின் 500 பெரும் கம்பனிகளின் சுட்டெண்ணைப் பின்தொடரும் நிதியில் இருந்தால், சைலமும் வெரால்ரோவும் அதற்குள் இருக்கின்றன. மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையால் அவர்கள் குப்பி விற்பவரின் பங்குதாரர். ஊர்ச் சங்கத்துக்குக் கொடுக்கும் நன்கொடையால் குப்பி வாங்குபவர். அவர்களுடைய வாக்கை நிதி முகாமையாளர் அவர்களைக் கேளாமலே போடுகிறார். நன்கொடையில் அப்படி இடையில் ஒருவர் இல்லை. இயந்திரம் வாங்கித் தரும்போதே, அதன் அளவுமானி எந்தப் பொதுநியமத்தைப் பின்பற்றுகிறது, இன்னொரு உற்பத்தியாளரின் சோதனைப்பொருள் பொருந்துமா, அளவீடுகள் ஊரின் பதிவேட்டில் இருக்குமா கம்பனியின் கணினியில் மட்டும் இருக்குமா என்ற கேள்விகளைச் சங்கம் கேள்விப்பத்திரத்தில் எழுதலாம். நீர் வழங்கல் சபையும் எழுதலாம்.

கேள்வியைச் சட்டத்திலேயே எழுதுவதும் நடக்க முடியாத காரியம் அன்று. கிராஃப்ற் கம்பனி 2010இல் கட்பரியை வாங்கிய பிறகு எழுந்த சர்ச்சையால் பிரித்தானியக் கையகப்படுத்தல் கோவை 2011இல் திருத்தப்பட்டது. வாங்குபவர் தொழிலாளர்களையும் தொழிலிடங்களையும் என்ன செய்யப்போகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் கடமை இறுக்கப்பட்டது. 2018இல் ஆராய்ச்சிப் பிரிவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஓய்வூதியம், தலைமையகம், நிலையான சொத்துகள் எல்லாம் அதில் உண்டு. ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கான சோதனைப்பொருள் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பது இல்லை. மருந்தும் நீரும் அளக்கும் கம்பனிகளுக்கு மட்டுமாவது அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் பங்குதாரர்களாக இருந்தால், வாங்குபவரின் கையிருப்பு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்ற அவர்களுடைய சொந்தக் கேள்விக்கும் அதே பதிலில் விடை கிடைத்துவிடும். சோதனைப்பொருளை ஐந்து ஆண்டுக்கு உறுதிப்படுத்த முடியாத ஒரு வாங்குபவர், பங்குக்குப் பங்கு என்று நீட்டும் தாளுக்கும் உறுதி சொல்ல முடியாதவராகத்தான் இருப்பார்.